மாரியில் தாய்லாந்து மலைக்கு: வாடகை மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு நாங்கள் ஆயத்தமான விதம்

திருகோணமலையில் வெளிநாட்டுக்காரர் வருகிற சீசன் சித்திரை, வைகாசியில் சூடு பிடித்து செப்டெம்பரோடு அடங்கிவிடும். பிறகு வாடைக் காற்று, அதன் பின்னால் மாரி. கடல் பொங்கினால் புறாமலைக்குப் படகு போகாது. நிலாவெளியில் பாதி விடுதிகள் ஆளில்லாமல் கிடக்கும். நான் உப்புவெளியில் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் வாடகைக்குக் கொடுக்கிறவன். எனக்கு ஓய்வு கிடைப்பது அந்த மாரி மாதங்களில்தான். எங்கே போவது என்ற கேள்விக்கு முதல் பதிலைச் சொன்னதும் அதுதான். நவம்பர் முதல் ஜனவரி வரை நமக்கு வெள்ளமும் சேறும். அதே மாதங்களில் தாய்லாந்தின் வடக்கே மழை ஓய்ந்து, வானம் வெளித்து, வீதி காய்ந்து கிடக்கும். இன்னும் பிந்தினால் சரிவராது. பெப்ரவரி கடைசியில் அங்கே காட்டையும் வயலையும் எரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மார்ச், ஏப்ரலில் சியாங் மாய் நகரமே புகைக்குள் கிடக்கும்.

வாடகைக்குக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று தெரியும். வெளிநாட்டில் பைக் ஓட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். எத்தனை கிலோமீற்றர், எந்தெந்த இடம், எங்கே படம் எடுப்பது. பத்திரம், காப்புறுதி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் என் கடை வாசலில் வந்து நின்ற பிறகுதான் ஞாபகம் வரும். அந்த நேரத்தில் அதைச் சரிசெய்ய வழி இருக்காது. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். முதலில் பத்திரம், அடுத்தது உடம்பு, மூன்றாவது பைக். வழித்தடத்தைக் கடைசியாகத்தான் போட்டோம். ஒரு வாரத்துக்குள் அடங்க வேண்டிய பயணத்துக்கு இந்த ஒழுங்குதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். நாள் குறைவாக இருக்கும்போது ஒரு கடதாசிக்காக ஒரு நாளை இழந்தால் பயணத்தில் பெரிய துண்டே போய்விடும்.

போனது நான், என் மனைவியின் தம்பி, கிண்ணியாவில் இருக்கும் என் சிநேகிதன் ஒருவன்.

எந்த நாடு என்று கதைத்தபோது மூன்று பெயர் வந்தது. இந்தியா நமக்குப் பக்கம். பலாலியிலிருந்தே சென்னைக்கு விமானம் இருக்கிறது, மொழியும் தெரியும். அங்கே கவனிக்க வேண்டிய விசயம் இலக்கத் தகடு. தாமே ஓட்டிப்போக வாடகைக்குக் கொடுக்கும் பைக்குக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைத் தகடு என்றால் அது ஆரோ ஒருவரின் சொந்த வண்டி. அதை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும். ஆனால் நவம்பர், டிசெம்பரில் தமிழ்நாட்டிலும் வடகிழக்குப் பருவமழைதான். மழையை விட்டு மழைக்குப் போவதில் பயனில்லை.

சிநேகிதன் சொன்னது வியட்நாம். அதைத் தள்ளியதற்கு இரண்டு காரணம். அங்கே வாகனம் வலப்பக்கம் ஓடும். அதைவிடப் பெரிய காரணம் லைசன். சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் என்பது இரண்டு வேறு உடன்படிக்கைகளின் கீழ் வருகிறது: 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. இலங்கையில் நமக்குக் கிடைப்பது 1949ஆம் ஆண்டுக்குரியது. வியட்நாம் சேர்ந்திருப்பது 1968ஆம் ஆண்டுக்குரியதில். கையில் பத்திரம் இருக்கும், ஆனால் அந்த நாட்டில் அது செல்லாது. அங்கே கடைக்காரர் பைக்கைத் தந்துவிடுவார், எத்தனையோ பேர் ஓடியும் வருகிறார்கள். விபத்து ஒன்று நடக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். நடந்த பிறகு ஆஸ்பத்திரிக் கணக்கு முழுக்க நம் தலையில் விழும். தாய்லாந்து இரண்டு உடன்படிக்கையிலும் இருக்கிறது. வாகனமும் நம்மைப் போல இடப்பக்கம். விசயம் அதோடு முடிந்தது.

விசாவில் சிரமம் இல்லை. 2024 ஜூலையில் தாய்லாந்து 93 நாட்டவர்களுக்கு 60 நாள் விசா விலக்கு அறிவித்தபோது இலங்கையும் அதில் இருந்தது. இப்படியான சலுகை மாறக்கூடியது; ரிக்கற் போடுமுன் தூதரகத்தின் இணையத்தளத்தைப் பாருங்கள். 2025 மே 1 முதல் வருகைப் படிவத்தையும் இணையத்திலேயே, போய் இறங்குவதற்கு முந்திய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

இப்போது லைசன். நம் அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 'ஏ1' என்றால் 100 சிசி வரையான மோட்டார் சைக்கிள். 'ஏ' என்றால் அதற்கு மேற்பட்டதும். தம்பியிடம் இருந்தது ஏ1 மட்டும். ஊரில் அவன் ஓடும் பழைய பைக்குக்கு அது போதும். தாய்லாந்தில் வாடகைக்குக் கிடைக்கும் மிகச் சின்ன ஸ்கூட்டரே 110, 125 சிசி. "அத்தான், அங்க ஆர் பின்பக்கத்தைத் திருப்பிப் பாக்கப் போறாங்கள்?" என்று கேட்டான். பொலிஸ் பார்க்காமல் விடலாம், காப்புறுதிக் கம்பனி பார்க்காமல் விடாது என்று சொன்னேன். மாதக்கணக்கில் முந்தியே விண்ணப்பித்து 'ஏ' எடுத்த பிறகுதான் அவன் பெயரில் விமான ரிக்கற் போட்டோம். உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். பயணத் திகதியை அவரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சர்வதேசப் பத்திரத்தைக் கொழும்பில் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுத்தோம். என்னிடம் வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் பத்திரத்துக்கு இலங்கையில் ஒப்புதல் வாங்கிவந்ததும் அதே இடத்தில்தான், ஆகவே எனக்கு அந்த வாசல் பழக்கம். பத்திரம் கைக்கு வந்ததும் மேசையை விட்டு நகராமல் பக்கங்களைப் புரட்டுங்கள். மோட்டார் சைக்கிளுக்குரிய பிரிவில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காருக்குரிய பிரிவில் மட்டும் முத்திரை இருந்த பத்திரத்தை நீட்டிவிட்டு என் கடை வாசலில் முகம் வாடி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்வதேசப் பத்திரம் தனியாகச் செல்லாது. நம் சொந்த அட்டையும் கூடவே இருக்க வேண்டும்.

காப்புறுதிதான் நான் அதிக நேரம் செலவழித்த இடம். பயணக் காப்புறுதி என்று எல்லாரும் எடுப்பார்கள்; அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அடங்குமா என்று கேட்பவர் குறைவு. பத்திரத்தின் முன்பக்கத்தில் தொகை பெரிதாகப் போட்டிருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது பின்னால் இருக்கும் விலக்குகள். மோட்டார் சைக்கிள் முற்றாக விலக்கா, அல்லது 125 சிசிக்கு மேல் மட்டும் விலக்கா? ஓடும் வண்டியின் சிசிக்கு ஏற்ற லைசன் கேட்கிறார்களா? தலைக்கவசம் போடாத நேரத்தில் நடந்த விபத்து என்ன ஆகும்? பின்னால் இருந்து வருபவருக்குப் பொருந்துமா? இந்தக் கேள்விகளை நான் மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கினேன். தொலைபேசியில் "ஓம் சேர், எல்லாம் கவர் ஆகும்" என்று சொல்வதை நம்பிப் புறப்படக்கூடாது.

தாய்லாந்தில் ஒவ்வொரு பைக்குக்கும் சட்டப்படி ஒரு கட்டாயக் காப்புறுதி உண்டு. வாடகைக் கடைக்காரர் 'இன்சூரன்ஸ் இருக்கு' என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். அது ஆளுக்கான வைத்தியச் செலவில் ஒரு பகுதிதான். ஓட்டியவர் பக்கம் பிழை என்றால் அவருக்கு வைத்தியத்துக்குக் கிடைப்பது 30,000 பாத் வரைதான். கால் எலும்பு முறிந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் அது எந்த மூலைக்கு? பைக்குக்கு நேரும் சேதத்தையும் அது பொறுக்காது. இந்த இரண்டு இடைவெளியையும் நாம்தான் அடைக்க வேண்டும்: ஆளுக்குப் பயணக் காப்புறுதி, வண்டிக்குக் கடையோடு எழுதும் ஒப்பந்தம்.

அடுத்தது உடம்பு. எங்கள் ஊர் தட்டைத் தரை. ஏற்றம் என்றால் உவர்மலையும், கோணேசர் கோவிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறும் வீதியும்தான். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று கடலோரமாகவும், கிண்ணியாப் பாலம் ஏறி மூதூர், வெருகல், வாகரை என்று மட்டக்களப்பு வரையும் எவ்வளவு ஓடினாலும் மலை ஓடுகிற பழக்கம் வராது. ஆகவே மகியங்கனைக்கும் உடதும்பரைக்கும் நடுவில் இருக்கும் பதினெட்டு வளைவுக்குப் பயிற்சிக்காகப் போனோம். தாய்லாந்துக்குக் கொண்டுபோக நினைத்த அதே பை, அதே சப்பாத்து, அதே கையுறை. ஏறி இறங்கினோம், திரும்பவும் ஏறினோம். அந்தப் பயணத்தில் தெரிந்த விசயங்கள் எந்த வீடியோவிலும் கிடைக்காதவை. தம்பிக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் இடுப்பு பிடிக்கிறது. சிநேகிதன் இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறான். என் பை வளைவில் ஒரு பக்கம் சரிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஊரிலேயே மருந்து தேடினோம். திரும்பும்போது ஹபரணை, கந்தளாய் பகுதியைப் பொழுது படுமுன் கடந்துவிடவேண்டும் என்று முந்தியே முடிவெடுத்திருந்தோம். யானை இறங்கும் வீதியில் இருட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுவது உயிரோடு விளையாடுவது. பொழுது படுமுன் நிற்கும் பழக்கம் அங்கேயும் கைகொடுத்தது.

சியாங் மாயில் பைக் எடுக்கும் இடத்துக்கு வருவோம். பாங்கொக்கிலிருந்து இரவு ரயிலில் போய்க் காலையில் இறங்கினோம். அன்று ஓடவில்லை. பைக் எடுப்பதற்கென்றே அந்த நாளை வைத்திருந்தோம். நித்திரை முறிந்த கண்ணோடு வண்டியைப் பார்வையிட்டால் பாதி கண்ணில் படாது.

முதலில் போன ஒரு கடையில் கடவுச்சீட்டைப் பிணையாக வைக்கச் சொன்னார்கள். மரியாதையாக எழுந்து வந்துவிட்டோம். கடவுச்சீட்டு அடுத்தவர் மேசை லாச்சிக்குள் இருக்கும்போது ஒரு கீறலுக்கு அவர் என்ன தொகை சொன்னாலும் நாம் கொடுக்கத்தான் வேண்டி வரும். விடுதியில் பதியவும் அது தேவை, வழியில் பொலிஸ் கேட்டாலும் தேவை. சில ஆயிரம் பாத் காசாக வைத்து, கடவுச்சீட்டின் பிரதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. அப்படியான ஒரு கடையில் எடுத்தோம். என் கடையிலும் நான் கடவுச்சீட்டை வாங்கி வைப்பதில்லை.

என்ன பைக் என்பதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. அங்கே 500 சிசி பைக் அழகாக வரிசையில் நிற்கும், வாடகையும் எட்டாததில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் வாழ்க்கை முழுக்க ஓடியது 100 முதல் 160 சிசி வரை. பாரமான, வேகமான ஒரு வண்டியைப் பழகுவதற்கு அந்நிய நாட்டு மலைவீதி ஏற்ற இடமில்லை. ஊரில் ஓடுவதற்குக் கிட்டத்தட்ட அதே அளவு எடுங்கள். அடுத்த விசயம் கியர். அங்கே அதிகம் கிடைப்பது ஓட்டோமற்றிக் ஸ்கூட்டர். தட்டையான இடத்துக்கு அது சுகம். நீண்ட இறக்கத்தில், அக்சிலேற்றரை முழுக்க விட்டு வேகம் நன்றாகக் குறைந்துவிட்டால் அதன் கிளச் கழன்றுவிடும். எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்காது. முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடிமானம் குறையும். ஸ்கூட்டர்தான் கிடைத்தது என்றால், வேகம் முழுக்கச் செத்துப்போக விடாமல் அக்சிலேற்றரைச் சின்னதாகத் தொட்டு எஞ்சினை மறுபடி கொழுவ வைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். நாங்கள் மூவரும் கியர் மாற்றும் 125 சிசி வண்டிகளைக் கேட்டு வாங்கினோம். இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே பாதி வேலையைச் செய்யும்.

வண்டியைப் பார்வையிட்டதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் தொழிலும் அதுதான். முதலில் ரயர். மேலே பூ இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைத் தேடினேன். 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். பூ தேயாவிட்டாலும் பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும்; பனி ஈரத்தில் பிடிக்காது. பிறகு வண்டியை நடு ஸ்ராண்டில் ஏற்றித் தம்பியைப் பின்னால் அழுத்தச் சொன்னேன். முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பியதும் ஹாண்டிலை ஒரு விரலால் இடமும் வலமும் மெதுவாகத் தள்ளினேன். எனக்குத் தந்த வண்டியில் நடுவில் வந்ததும் ஹாண்டில் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றது. கழுத்துப் பேரிங் தேய்ந்த வண்டி அது. நேர்வீதியில் தெரியாது, வளைவுக்கு மேல் வளைவு வரும் பாதையில் ஒவ்வொரு தடவையும் அது கையோடு மல்லுக்கட்டும். கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு அவர் விரலையே வைத்துத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். மொழி தேவைப்படவில்லை. வேறு வண்டி வந்தது.

செயின் தொய்வு, பிரேக் கட்டை, முன்பின் லைற், ஹோர்ன் எல்லாம் பார்த்த பிறகு, வெயில் இருக்கும் இடத்துக்கு வண்டியைத் தள்ளிப்போய் வீடியோ எடுத்தோம். கடைக்காரர் படத்தில் தெரியும்படி நிற்க, வண்டியைச் சுற்றி ஒரு தரம், பிறகு கீறல் ஒவ்வொன்றாகக் கிட்டப் போய். கண்ணாடியின் பின்பக்கம், புகைக்குழாய், மிதிபலகையின் அடிப்பக்கம், லீவரின் நுனி. கீறல் தகராறு பெரும்பாலும் இந்த நாலு இடத்தில்தான் வரும். வண்டியின் பதிவுப் பிரதியும் கட்டாயக் காப்புறுதியின் பிரதியும் சீற்றுக்கு அடியில் இருக்கிறதா, வரி ஸ்டிக்கரின் திகதி சரியா என்றும் பார்த்தோம். ஒப்பந்தத்தில் நான் தேடிய வரி இரண்டு: வண்டி களவு போனால் எவ்வளவு, வழியில் நின்றுபோனால் ஆர் பொறுப்பு. எழுதப்படாததைக் கையால் எழுதிக் கையொப்பம் வாங்கினோம்.

தலைக்கவசத்தை ஊரிலிருந்தே கொண்டுபோனோம். வாடகைக் கடைத் தலைக்கவசம் எத்தனை தலை கண்டது, எத்தனை தரம் விழுந்தது என்று ஆருக்கும் தெரியாது.

இனி வழி. சியாங் மாயிலிருந்து பாய், மே ஹொங் சோன், மே சாரியாங் என்று சுற்றி மறுபடி சியாங் மாய்க்கே வரும் வட்டம் ஏறக்குறைய 600 கிலோமீற்றர். 1,864 வளைவு என்று அந்த ஊர்க்காரர் கணக்குச் சொல்வார்கள். வட்டப் பாதை என்பதால் எடுத்த கடையிலேயே வண்டியைக் கொடுக்கலாம், பெரிய பெட்டியை விடுதியில் விட்டுப் போகலாம். குறுகிய பயணத்துக்கு இதைவிட வசதி வேறில்லை.

தூரத்தை நம் ஊர்க் கண்ணால் அளந்தால் திட்டம் பிழைக்கும். சியாங் மாயிலிருந்து பாய் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கரையோர வீதியால் மட்டக்களப்புக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இங்கே அது ஒரு காலைப்பொழுது. அங்கே, நின்று நின்று போனால், வெளிச்சமுள்ள நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மே ஹொங் சோனிலிருந்து மே சாரியாங்குக்கு 160க்கு மேல், அங்கிருந்து சியாங் மாய்க்கு ஏறக்குறைய 190. ஆனால் இந்தப் பின்பாதியில் நேர்வீதி கூட. ஒரு நாளுக்கு ஒரு துண்டு என்று பிரித்தோம். அதற்குமேல் ஆசைப்படவில்லை. நாட்டிலேயே உயரமான டொய் இந்தனோன் (2,565 மீற்றர், நம் பீதுருதாலகாலையைவிடக் கொஞ்சம்தான் கூட) வழிக்குக் கிட்டவே இருந்தும் அதை விட்டுவிட்டோம். சிநேகிதனுக்குக் கவலை. ஆனால் டிசெம்பரில் அங்கே ஆறு மணிக்கு முன்பே பொழுது படுகிறது. அதைச் சேர்த்திருந்தால் ஒரு மாலை இருட்டில் இறங்கியிருப்போம்.

1095ஆம் இலக்க வீதியில் ஹுவாய் நாம் டாங் தேசியப் பூங்காவுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டியதும் பாயை நோக்கி இறக்கம் தொடங்குகிறது. பாதை நல்லது, தார் நம் கண்டி வீதியைப் போல வழவழப்பு. ஆபத்து வேறு பக்கம். பிரயாணிகளை ஏற்றிய வான்கள் வளைவுகளில் நடுக்கோட்டைத் தாண்டி வரும். வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போனால் அந்த வானின் முகத்துக்கு நேரே போகிறோம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் வேகம் கூடினால் நாமே எதிர்ப்பாதைக்குள் இழுபடுவோம். நாங்கள் வைத்த ஒழுங்கு: வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துப் பிரேக்கை முடித்துவிடுவது, வளைவுக்குள் பிரேக் தொடாமல் சீரான வேகத்தில் போவது, எப்போதும் நம் பாதையின் இடப்பக்கப் பங்குக்குள் நிற்பது. கரையில் சருகும் மண்ணும் கிடக்கும், ஆகவே முழுக்கக் கரைக்கும் போகக்கூடாது. தம்பி நடுவில், நான் பின்னால். முன்னால் போகிறவன் ஒவ்வொரு சந்தியிலும் நிற்பான். ஒருவரை ஒருவர் துரத்துவதில்லை. வான் பின்னால் வந்து ஒட்டினால் இடம் பார்த்து ஒதுங்கி விட்டுவிடுவோம். பாய் கடைத்தெருவில் முழங்காலிலும் முழங்கையிலும் பண்டேஜ் சுற்றிய இளம் வெளிநாட்டுக்காரர் பலரைப் பார்க்கலாம். பெரும்பாலும் அரைக் காற்சட்டையும் செருப்பும்தான் போட்டிருப்பார்கள்.

குளிரைப் பற்றி எங்கள் ஊர்க்காரருக்கு நன்றாகச் சொல்லவேண்டும். மலைப் பள்ளத்தாக்கில் டிசெம்பர், ஜனவரி விடியற்காலை 10 பாகைக்குக் கீழேயும் போகும். ஓடும்போது காற்று அதை இன்னும் இறக்கும். விரல் விறைத்தால் பிரேக் லீவரை உணர முடியாது. காற்றைத் தடுக்கும் மழைக்கோட்டு ஒன்று, கையுறை ஒன்று, கழுத்துக்குத் துணி ஒன்று போதும். பனி விலகும்வரை, ஏறக்குறைய ஒன்பது மணிவரை வெளிக்கிடவே வேண்டாம்.

பெற்றோலை அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடவில்லை. 2022இல் பெற்றோல் செட்டில் நாள்கணக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதை ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மே ஹொங் சோனுக்குத் தெற்கே ஊர்கள் தூரத் தூரத்தில்தான் வரும்.

அந்தத் தெற்குப் பாதையில் குன் யுவாம் என்ற ஊரில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில் பர்மாவிலிருந்து பின்வாங்கிய ஜப்பானியப் படையினர் இந்த மலை வழியாக, நோயிலும் பசியிலும் வந்து சேர்ந்த ஊர் அது. அவர்கள் விட்டுப்போன தண்ணீர்க் குடுவைகளும் தலைக்கவசங்களும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. சிநேகிதன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு போட்டதும் ஜப்பானியர்தான். சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையை அவனுடைய வாப்பும்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அன்றைய துண்டோடு வேறொன்றையும் சேர்க்காததால்தான் அங்கே நின்று பார்க்க முடிந்தது. திட்டத்தில் இடைவெளி விட வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சாப்பாடு பெரிய சோலியாக இருக்கவில்லை. சியாங் மாயில் யுன்னானிலிருந்து வந்த சீன முஸ்லிம்களின் பான் ஹோ பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் கடைகள் இருக்கின்றன. அங்கே தேங்காய்ப்பால் விட்ட கௌ சொய் நூடில்ஸ் நம் வாய்க்கு உடனே பிடித்துவிடும். மலைக்குள் கடை தேட நேரமாகும் என்று சிநேகிதன் ரின் மீனும் பிஸ்கற்றும் கொண்டுவந்திருந்தான். எனக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. மஞ்சள் பதாகையில் சிவப்பு எழுத்துப் போட்ட சைவக் கடைகள் பட்டணங்களில் உண்டு. மற்றக் கடையில் மரக்கறி கேட்டாலும் மீன் சோஸ் விழும், முந்தியே சொல்லிவிடுங்கள்.

காசு எடுக்கும் இயந்திரம் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிக்கும். ஆகவே அடிக்கடி சின்னத் தொகையாக எடுக்காதீர்கள். வரைபடத்தை முந்தியே தொலைபேசியில் இறக்கி வையுங்கள். 1155 சுற்றுலாப் பொலிஸ், 1669 அம்புலன்ஸ். இந்த இரண்டு இலக்கத்தையும் ஆளுக்கு ஒரு துண்டில் எழுதி, இரத்த வகையோடு சட்டைப் பையில் வைத்திருந்தோம். தொலைபேசி உடைந்தாலும் கடதாசி இருக்கும்.

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதையும் திட்டத்தில் ஒரு வேலையாகவே எழுதுங்கள். கழுவி, பெற்றோல் முன்பிருந்த அளவுக்கு நிரப்பி, வெளிச்சம் இருக்கும்போது, கடை மூட வெகுநேரம் இருக்கும்போது போங்கள். தம்பியின் வண்டியில் மிதிபலகைக்கு அடியில் ஒரு கீறலைக் காட்டிப் பணம் கேட்டார்கள். முதல் நாள் வீடியோவைப் போட்டு அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினான். கீறல் அதில் இருந்தது. பக்கத்தில் நின்ற கடைப் பையனும் இருந்தான். வைத்த காசை எண்ணித் தந்துவிட்டார்கள், சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அன்றே விமானம் என்றிருந்தால் அவ்வளவு ஆறுதலாக நின்று கதைத்திருக்க முடியாது. வண்டி கொடுக்கும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஓர் இரவாவது இருக்கட்டும்.

கட்டுநாயக்காவில் நடு இரவில் இறங்கினால் அப்போதே வான் பிடித்து ஊருக்கு ஓட வேண்டாம். சாரதிக்கும் நித்திரை, ஹபரணைக்கு இந்தப் பக்கம் யானை. நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துப் படுத்து, விடிந்த பிறகு வெளிக்கிட்டால் கந்தளாயில் சட்டித் தயிர் வாங்கிக்கொண்டு பின்னேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.